எழுதுகிறவர் நிறைய, படித்துச் சொல்ல ஆள் உண்டா?

நம் சங்கத்தின் சென்ற பொங்கல் விழாவில் உறுப்பினர்கள் மூவர் எழுதிய நூல்களை மேடையில் அறிமுகம் செய்து வைத்தோம். மூன்றும் அவரவரே இணையத்தில் வெளியிட்டவை. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பெரியவர் ஒருவர் என்னிடம், "பதிப்பகத்தார் படித்துப் பார்த்து, தேறும் என்று போட்டால் அது புத்தகம். தானே எழுதித் தானே போட்டுக்கொண்டால் அதை என்னவென்று சொல்வது?" என்று கேட்டார். எதிர் வரிசையில் இருந்த இளைஞர் விடவில்லை. "அங்கிள், பதிப்பகத்துக்கு அனுப்பினால் இரண்டு வருடம் ஆனாலும் பதில் வராது. இதில் போட்ட மறுநாளே ஐம்பது பேர் படித்துவிடுகிறார்கள்" என்றார்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே ஒன்றை விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். என் துணைவியார் இடுக்கி மாவட்டம் மூணாறில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆக, கேரளத்தின் இரண்டு எல்லைத் தமிழும் எங்கள் வீட்டுச் சமையலறையில் தினமும் சந்தித்துக்கொள்கின்றன. எழுத்து, பதிப்பு என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு ஊர்களும்தான் கண்முன் வருகின்றன. ஏனென்றால், பதிப்பகம் என்ற ஒன்று எட்டிப் பார்க்காத தமிழ் எப்படி இருக்கும் என்று அங்கே போனால் தெரியும்.

இரண்டுக்கும் நடுவே

1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழர்கள் போராடியும் அவை கேரளத்திலேயே நின்றன. பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த சித்தூர்ப் பகுதியும் அப்படியே. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டுப் பக்கம் சோதனைச் சாவடிகள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று இடுக்கிப் பக்கம் சோதனைச் சாவடிகள். சாவடிக்கு இந்தப் பக்கமும் தமிழ்தான், அந்தப் பக்கமும் தமிழ்தான். கம்பம், போடியிலிருந்து ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் மலையேறி, மாலையில் இறங்குகிற பெண்களுக்கு எல்லை என்பது ஒரு டீக்கடை நிறுத்தம், அவ்வளவே.

ஆனால் எழுத்துக்கு அந்தக் கோடு பெரிய கோடு. தமிழ்ப் பதிப்பகங்களில் பெரும்பாலானவை சென்னையில் இருக்கின்றன. அவர்களைப் பொறுத்தவரை நாங்கள் கேரளத்துக்காரர்கள். மலையாளப் பதிப்பகங்கள் கோட்டயத்திலும் திருச்சூரிலும் கோழிக்கோட்டிலும் இருக்கின்றன. அவர்கள் தமிழ் அச்சிடுவதில்லை. அதில் குறை சொல்லவும் முடியாது. சித்தூர் அரசுக் கல்லூரியிலும் மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ்த்துறை உண்டு. தமிழ் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் உண்டு. எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வாசல் இல்லை.

இதனால் நேர்ந்ததற்கு ஒரு சான்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில், குளிர்பானத் தொழிற்சாலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று 2002இல் போராட்டம் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர் மயிலம்மா. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த அவருடைய பேச்சு தமிழோடு நெருங்கியது. அவருடைய வாழ்க்கைக் கதையை அவர் சொல்லச் சொல்ல எழுதி நூலாக்கியவர் பாலக்காட்டுக் கவிஞர் ஜோதிபாய் பரியாடத்து. நூல் மலையாளத்தில் 2006இல் வந்தது. பிறகுதான் அது மொழிபெயர்ப்பாகத் தமிழுக்கு வந்தது. மலையாளத்தில் அதைச் செய்தவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் எங்கள் வீட்டுப் பக்கத்துக் குரல் எங்களுக்கே மொழிபெயர்ப்பாக வந்து சேர்ந்ததை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது.

சொந்தக் காசில் போடுவது இழிவா?

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். தானே போட்டுக்கொள்வது கௌரவக் குறைவு என்ற எண்ணம் நம்மிடம் எப்படி வந்ததோ தெரியவில்லை. நம் மொழியின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அன்பர்களிடம் கையொப்பம் வாங்கி, முன்பணம் திரட்டித்தான் அச்சுக்கூலி கொடுத்தார். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையைத் தம் கைப்பொருளை இழந்து 1970 வரை நடத்தினார். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். முதிய வயதில் 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலைத் தாமே வெளியிட்டார். 1998இல் அவர் மறைந்தார். அந்த நாவலுக்கு 2001இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது!

மலையாளத்துக்குப் போனால், வைக்கம் முகம்மது பஷீர் தம் புத்தகங்களைத் தாமே அச்சிட்டு வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவர். 1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர்கள் 12 பேர் சேர்ந்து, 120 ரூபாய் முதலில், சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எம்.பி. பால் தலைவர், காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர். முதல் நூல் தகழியின் கதைகள். எழுத்தாளருக்கு 30 சதவீதம் ராயல்டி என்று அவர்கள் கொடுத்தபோது மற்றவர்கள் திகைத்தார்களாம். இன்று மலையாள இலக்கியத்தில் நாம் கேள்விப்படும் பெரிய பெயர்களில் பாதிப் பேர் அந்தச் சங்கத்தின் வாசல் வழியே வந்தவர்கள்தாம்.

எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் அங்கே இளைஞர்கள் கூடி 'வானம்பாடி' என்ற கவிதை இதழைத் தொடங்கினார்கள். அதற்கு விலை கிடையாது. விலையில்லாக் கவிமடல் என்றே பெயர். இலவசமாகப் படிக்கக் கொடுத்தால் மதிப்புப் போய்விடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அதில் எழுதியவர்களில் சிற்பியும் புவியரசும் பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள்.

இவை எல்லாவற்றிலும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. பணம் எழுத்தாளருடையதாக இருக்கலாம். ஆனால் அவர் தனியாள் இல்லை. சுற்றிலும் ஒரு கூட்டம் இருந்தது. படித்து, திட்டி, திருத்தி, 'இதை விடு, அதைப் போடு' என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். மதிப்பு வந்தது அந்த நாலு பேரால்.

இணையம் திறந்த வாசல்

இப்போது இளைஞர் சொன்னதைப் பார்ப்போம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியபோது, புதிதாக எழுதுகிறவர்களுக்கும் ஒருநாள் இது வழியாகும் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? 2014இல் பெங்களூரில் பிரதிலிபி தொடங்கியது. கைபேசியிலேயே எழுதி, பாகம் பாகமாக வெளியிட்டு, வாசகர் கருத்தை உடனே பார்க்கலாம் என்ற வசதி தமிழுக்கும் வந்தது. 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் தன் கிண்டிலில் தமிழ் நூல்களைச் சேர்த்தது. அதில் நூலாசிரியர் தாமே கோப்பை ஏற்றி, தாமே விலை வைக்கலாம். நிபந்தனைகளைப் பொறுத்து 35 அல்லது 70 சதவீதம் ராயல்டி. மாதச் சந்தா கட்டிப் படிக்கிறவர்கள் மூலம், படித்த பக்கக் கணக்குக்கும் பணம் வரும். எழுத்தாளர்கள் விரும்பிக் கொடுத்த நூல்களை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமும் இருக்கிறது.

இணையத்தில் வந்ததாலேயே ஒரு படைப்பு மட்டம் ஆகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் 2014 தொடக்கத்திலிருந்து 2020 வரை நாள்தோறும் தம் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டார். மொத்தம் 26 நாவல்கள்! அமெரிக்காவில் ஆண்டி வெயர் என்ற கணினிப் பொறியாளர் 'தி மார்ஷியன்' நாவலைத் தம் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதினார். படித்தவர்கள் அறிவியல் பிழைகளைச் சுட்டிக்காட்ட, திருத்திக்கொண்டே போனார். 2011இல் கிண்டிலில் 99 சென்ட் விலைக்குப் போட்டார். பெரிய பதிப்பகம் 2014இல் அதை வெளியிட்டது. 2015இல் திரைப்படமாகவும் வந்தது.

கவனியுங்கள், அவருக்கும் திருத்திச் சொல்ல ஆள் இருந்தார்கள்.

கெட்ட பெயர் எப்படி வந்தது?

பிறகு ஏன் இந்தத் தளங்களைப் பற்றி நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள்? காரணம் இல்லாமல் இல்லை.

முதலாவது பிழை. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும் கதைகளைப் படிப்பது, கல் பொறுக்காத அரிசிச் சோறு சாப்பிடுவது போல. பழைய அச்சகத்தில் புரூஃப் பார்க்க ஒருவர் இருந்தார். இங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது.

இரண்டாவது நட்சத்திரக் கணக்கு. 'எனக்கு ஐந்து நட்சத்திரம் போடுங்கள், உங்களுக்கு நான் போடுகிறேன்' என்று எழுத்தாளர்களுக்குள்ளேயே ஒரு கொடுக்கல் வாங்கல். நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுவது போலத்தான்! 2018இல் அமேசான் நடத்திய எழுத்துப் போட்டியில் தமிழும் சேர்ந்தபோது, முதற்கட்டத் தேர்வில் விற்பனையும் வாசகர் கருத்தும் கணக்கில் வந்தன; நடுவர்கள் பார்த்தது அதற்குப் பிறகுதான். அதனால், எழுத்தைவிட நண்பர் வட்டம் பெரிதாக இருந்தால் போதும் என்ற பேச்சு அப்போது அடிபட்டது. நல்ல நூல்கள் சிலவும் அந்தப் பேச்சில் அடிபட்டுப் போயின.

மூன்றாவது திருட்டு. ஒருவர் கதையை மற்றவர் பெயர் மாற்றிப் போட்டுக்கொள்வது.

நான்காவதுதான் குடும்பத்தையே பாதிப்பது. 'உங்கள் நூலை நாங்கள் வெளியிடுகிறோம், அட்டை, விளம்பரம், ஐஎஸ்பிஎன் எண், எல்லாம் சேர்த்து இவ்வளவு ரூபாய்' என்று வலை விரிக்கும் நிறுவனங்கள். வேலந்தாவளத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒருவர் அப்படி ஒரு நிறுவனத்திடம் 35,000 ரூபாய் கட்டினார். தேங்காய் விற்ற பணம். நூறு பிரதிகள் பெட்டியில் வந்தன. பின்னட்டையில் அவருடைய ஊர்ப் பெயரே தப்பாக அச்சாகியிருந்தது. "ஏனுங்க அண்ணா, ஒருத்தருமே படிச்சுப் பாக்கலீங்களா?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த விஷயத்தின் மையம். யாரும் படிக்கவில்லை. பணம் வாங்கியவர்களும் படிக்கவில்லை. அதற்கு முன், ஊரில் இருந்த நாங்களும் படிக்கவில்லை.

மலை மேலே என்ன நடக்கிறது?

மூணாறுப் பக்கம் என் மைத்துனர் ஒருவர் ஜீப் ஓட்டுகிறார். இரவில் கைபேசியில் கதை எழுதுகிறார். லயத்து வாழ்க்கை, கொழுந்து எடுக்கும் பெண்கள், கங்காணி காலத்துப் பாட்டி என்று தொடர்கதை. வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால் வளைவு ரோட்டுக்கு ஏறிப்போய் அத்தியாயத்தை ஏற்றிவிட்டு வருவார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படித்திருந்தார்கள். கருத்துகளில் 'அருமை', 'சூப்பர்', 'அடுத்த பாகம் எப்போது' என்று வரிசையாக இருந்தது. என் துணைவியார் விடுமுறையில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, மூணாவது அத்தியாயத்துல மண்ணு சரிஞ்சு செத்துப்போன பெரியப்பா, ஏழாவதுல வந்து பேசுறாரே" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அக்கா, ஆயிரம் பேரு படிச்சாங்க. ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

ஆயிரம் பேர் பார்ப்பதற்கும் ஒருவர் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இது விளையாட்டான விஷயம் இல்லை. தோட்டத் தொழிலாளர் கதை தமிழில் பேசப்பட்டதே பெரும்பாலும் பிறர் எழுதியதால்தான். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று 1969இல் எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். 2013இல் 'பரதேசி' படம் வந்தபோதுதான் நம்மில் பலருக்கு அந்தக் கொடுமை தெரிந்தது. நல்ல மனிதர், நல்ல நூல். ஆனால் எழுதியவர் டாக்டர், லயத்துக்காரர் இல்லை.

இலங்கை மலையகத்தைப் பாருங்கள். அதே தேயிலை, அதே கங்காணி முறை, அதே தென்தமிழ்நாட்டு ஜனங்கள். அங்கே சி.வி. வேலுப்பிள்ளையும் என்.எஸ்.எம். ராமையாவும் தோட்டத்துக்குள்ளிருந்தே எழுதினார்கள். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுப்பு 1980இல் வந்தது. பத்திரிகைகள் மலையகத்தாருக்கென்றே சிறுகதைப் போட்டி வைத்தன. எழுத்தாளர் மன்றங்கள் கூடின. துரை விஸ்வநாதன் என்ற வணிகர் சொந்தப் பணத்தில் 'துரைவி' பதிப்பகம் தொடங்கி, 1997இல் 'மலையகச் சிறுகதைகள்' என்று பெரிய தொகுப்பையே கொண்டுவந்தார். மலையக இலக்கியம் என்று ஒரு வகையே நிலைத்துவிட்டது. இடுக்கித் தமிழருக்கு அப்படி ஒரு பெயர் நிலைக்கவில்லை. கைத்திறன் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கூட்டம் கூடவில்லை, அவ்வளவுதான்.

2015 செப்டம்பரில் மூணாறுப் பெண் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை' என்று ஒன்று சேர்ந்து சாலையில் உட்கார்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள் போயின. ஒரு லயம் போனால் அங்கே சொல்லிவந்த கதைகளும் கூடவே போகின்றன. எழுதி வைத்தது மட்டும்தான் மிஞ்சும். ஆகவே, கைபேசியில் எழுதுகிற அந்த ஜீப் டிரைவரைப் பார்த்து 'இதெல்லாம் இலக்கியமா' என்று நாம் சிரித்துவிட்டால், இழப்பு நமக்குத்தான்.

படிக்க மனிதர்கள் இருந்தால் இடம் ஒரு பொருட்டல்ல என்பதையும் இடுக்கியே காட்டியிருக்கிறது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தான இடமலக்குடியில், முதுவர் குடியிருப்பு ஒன்றில், சின்னத்தம்பி என்பவர் டீக்கடை வைத்திருந்தார். அந்தக் கடையிலேயே நூலகமும் நடத்தினார். இரண்டு சாக்குகளில் 160 புத்தகங்கள். சேர 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் இதை எழுதி உலகறியச் செய்தார். சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அங்கே இருந்தது. காட்டு வழி நடந்து போக வேண்டிய ஊரில் இளங்கோவுக்கு வாசகர்கள்!

பாலக்காட்டு அட்டப்பாடி மலையில் ஆடு மேய்த்துக்கொண்டே இருளர் மொழியில் பாடிய நஞ்சியம்மாவின் பாட்டு, 'அய்யப்பனும் கோஷியும்' படத்துக்காக இணையத்தில் வெளியாகி லட்சக்கணக்கானோர் காதுக்குப் போனது. 2022இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்குக் கிடைத்தது. இணையத்தின் வாசல் திறந்தால் மலைமேல் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

திண்ணைக் கூட்டம்

எங்கள் ஊர் வாசகசாலைத் திண்ணையில் சில ஆண்டுகளாக ஒரு சிறு கூட்டம் நடக்கிறது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கொப்பரை வியாபாரி, ஒரு நர்ஸ், கல்லூரி மாணவர் இருவர். ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் போய் உட்காருவேன். விதி ஒன்றுதான். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. அவருடைய பக்கங்களை இன்னொருவர் உரக்கப் படிக்க வேண்டும். படிக்கிறவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. மூன்று பேருக்கு ஒரே இடத்தில் கொட்டாவி வந்தால் அந்தப் பத்தி போக வேண்டியதுதான்!

உறவுமுறையில் எனக்கு அத்தை ஆகிற ஒருவர் கடலைக்காட்டு வேலையைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். 'நிலக்கடலை அறுவடை நடைபெற்றது' என்று பாடப்புத்தகம் போல எழுதியிருந்தார். "அத்தை, இதை நீங்க எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டோம். "கடலைக்காய் ஆயப் போனமுங்க, வள்ளக் கணக்குல கூலி" என்றார். "அப்படியே எழுதுங்க" என்றோம். எழுதினார். மாணவர் ஒருவர் அதைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார். ஒரு வாரம் கழித்துத் திருப்பூரிலிருந்து ஒருவர், 'வள்ளம் என்ற சொல்லை எங்க அப்பத்தா போன பிறகு இன்றுதான் கேட்கிறேன்' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்கு முன் எத்தனை நட்சத்திரம் வந்து என்ன?

அத்தையின் கதையைப் பதிப்பகம் போடவில்லை. பதிப்பகத்தின் வேலையைத் திண்ணை செய்தது. மதிப்பு தளத்தில் இல்லை, அச்சிலும் இல்லை. வெளியே போகுமுன் அதை அக்கறையோடு படித்த கண்களில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவே.

எழுதும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்

நம் குடும்பங்களில் எழுதுகிறவர்கள் பெருகிவருவதால், பயன்படும் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, நீங்களே விண்ணப்பிக்கலாம். கிண்டில் மின்நூலுக்கு அந்த எண் கட்டாயமும் இல்லை.

பதிப்புரிமையைப் பதிவு செய்தால்தான் உரிமை என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். எழுதிய கணமே உரிமை உங்களுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் அது செல்லும். ஆனால் எந்தத் தளத்தில் ஏற்றினாலும், எந்தெந்த உரிமையை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். படமாக்கும் உரிமையும் மொழிபெயர்ப்பு உரிமையும் சில சமயம் சின்ன எழுத்தில் போய்விடும்.

அச்சுப் பிரதி போட்டால் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் ஒவ்வொன்று அனுப்புங்கள். இந்தியாவில் வெளியாகும் நூலை அனுப்பவேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. தளங்கள் வரும், போகும், நூலகம் இருக்கும். உங்கள் ஊர் வாசகசாலைக்கு ஒரு பிரதி கொடுக்க மறக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கதையின் ஒரு நகலை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் மட்டும் எழுதி, கைபேசி தண்ணீரில் விழுந்து, ஒரு வருட உழைப்பு போனவர்களை நான் அறிவேன்.

சங்கம் என்ன செய்யலாம்?

பிழைப்புக்காக வெளியே வந்த நாமும் ஒருவகையில் எல்லைத் தமிழர்கள்தாம். சென்னைக்கு நாம் தூரம். இருக்கும் ஊரின் மொழிக்கு நாம் அயல். நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தடுமாறுகிறார்கள். நம் வீட்டுப் பாட்டிகளிடம் இருக்கிற கதைகளை எந்தப் பதிப்பகமும் தேடி வரப்போவதில்லை. நாமே எழுதி, நாமே வெளியிட்டால்தான் உண்டு.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, இரண்டு மணி நேரம், சங்க அறையை வாசிப்புக் கூட்டத்துக்கு ஒதுக்குங்கள். இணையத்தில் ஏற்றுமுன் நம் உறுப்பினர் எவரும் தம் கதையை அங்கே கொண்டுவரலாம். உரக்கப் படிப்போம். பிழை திருத்துவோம். பெரியவர்கள் சொல்லுக்குப் பொருள் சொல்லட்டும். இளைஞர்கள் தட்டச்சுக்கும் தளத்துக்கும் உதவட்டும். இரு சாராருக்கும் அங்கே வேலை இருக்கிறது. எழுதத் தெரியாத பாட்டி சொன்னால், பேரப்பிள்ளை கைபேசியில் பதிவு செய்துகொண்டு வரட்டும்.

இந்த இதழிலும் ஒவ்வொரு முறையும், உறுப்பினர் ஒருவரின் மின்நூலைப் படித்து நேர்மையாக எழுதும் ஒரு பக்க மதிப்புரை வரட்டும். 'அருமை', 'சூப்பர்' வேண்டாம். நன்றாக இருப்பதை நன்று என்றும், ஏழாம் அத்தியாயத்தில் செத்தவர் பேசினால் பேசுகிறார் என்றும் சொல்லும் மதிப்புரை. முதல் மதிப்புரைக்கு நான் பெயர் கொடுக்கிறேன். என் மைத்துனர் அந்தப் பெரியப்பாவை இப்போது ஒழுங்காக அடக்கம் செய்துவிட்டார். கதை பதினேழாம் அத்தியாயத்தில் நிற்கிறது. நீங்களும் படித்துச் சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்!